அம்மாவின் மாத்திரைக்குப் பின்னால் ஆறு நாள்

முதல் நாள், திங்கள். தருமபுரி

ஆபீஸில் ஒகேனக்கல் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன். ஆறு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றப் போகிறேன் என்றால், உடம்புக்கு என்ன என்று ஊரே விசாரிக்கும்.

காரணம் அம்மாவின் டிரங்குப் பெட்டி. போன மாதம் கடத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது பழைய சேலை ஒன்றைத் தேடி அதைத் திறந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள், ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். எல்லாம் பிரஷர் மாத்திரை. ஒரு பெண் வீட்டுக்கே வந்து இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மா ஒவ்வொன்றையும் உடைத்து, ஒரு பாதியை விழுங்கி, மறுபாதியைச் சேர்த்து வைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "அந்தப் பொண்ணு திடீர்னு வராமப் போயிட்டா?" என்கிறாள்.

திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெண் யார், மாத்திரை எங்கிருந்து வருகிறது, அவள் வராமல் போக வாய்ப்பு உண்டா என்று எனக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு பொருள் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வழித்துணைக்குச் சித்தப்பா. ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்ததை, அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதை மாதிரி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய பழைய ஸ்ப்ளெண்டரில் பின்சீட்டு எனக்கு.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் முதல் பாடம்.

"இது ஒரே வீடு பாப்பா. ஆனா மூணு அடுப்பு எரியுது."

முதல் அடுப்பு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தருமபுரிக்கு அது 2008-ல் வந்தது. டீன் பொறுப்பு, மேலே மருத்துவக் கல்வித் துறை. இரண்டாவது அடுப்பு பென்னாகரம், அரூர், பாலக்கோடு மாதிரி ஊர்களில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிகள். அதற்கு இணை இயக்குநர். எல்லோரும் 'ஜேடி' என்பார்கள். மூன்றாவது அடுப்பு ஆரம்ப சுகாதார நிலையமும் அதற்குக் கீழே கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களும். அது பொது சுகாதாரத் துறை. அதன் மாவட்டத் தலைவரை 'டிடி' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இப்போது பலகையில் மாவட்ட சுகாதார அலுவலர் என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். சித்தப்பாவின் நாக்கு மாறவில்லை.

நோய் வந்தபின் பார்ப்பதற்கு ஒரு துறை, வராமல் பார்ப்பதற்கு ஒரு துறை என்று தனித்தனியாக வைத்திருப்பது தமிழ்நாட்டின் பழைய ஏற்பாடு. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. அதைச் சொல்லும்போது, ஏதோ தானே கையெழுத்துப் போட்ட மாதிரி சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"மூணு அடுப்புக்கும் விறகு ஒண்ணுதானே சித்தப்பா?"

"விறகு ஒண்ணுதான். ஊதுற ஆளு வேற வேற."

அந்தப் பதில் எனக்குச் சிரிப்பாக இல்லை. என் பெரியம்மா மகளுக்குப் பனிக்குடம் உடைந்த ராத்திரி ஞாபகம் வந்தது. ஊர் பெயர் எதற்கு. முதல் இடத்தில் ரத்தம் இல்லை என்று சீட்டு எழுதினார்கள். இரண்டாவது இடத்தில் மயக்க டாக்டர் இல்லை என்று இன்னொரு சீட்டு. மூன்றாவது இடத்தில் போய் இறங்கும்போது விடிந்துவிட்டது. குழந்தை பிழைத்தது, அவளும் பிழைத்தாள். சீட்டு எழுதிய யாரும் அடுத்த இடத்துக்கு ஒரு போன் போடவில்லை என்பதுதான் இன்றுவரை என் ஆத்திரம். ஏணி இருக்கிறது, படிகளும் சரியாகத்தான் இருக்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைக்கிற இடத்தில்தான் ஆள் விழுகிறார்கள்.

மத்தியானம் மாத்திரையின் பிறந்த வீட்டைக் கேட்டுப் போனோம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கியது. டெண்டர் வைத்து மொத்தமாக வாங்குவார்கள். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வரும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்தபின்தான் வெளியே விடுவார்கள். கிடங்குக்குள் என்னை விடவில்லை, விடவும் கூடாது. சித்தப்பாவுக்குப் பழக்கமான ஒரு மருந்தாளுநர் வெளியே வந்து பேசினார்.

எனக்குப் பிடித்தது பாஸ்புக் விஷயம். ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்கு மாதிரி ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்துவிடுவார்கள். எடுக்க எடுக்கக் கழியும். எதை எவ்வளவு எடுப்பது என்பது அங்கே இருக்கும் டாக்டரின் முடிவு. பாம்புக்கடி அதிகம் உள்ள ஊர் அந்த மருந்தைக் கூட எடுத்துக்கொள்ளும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஆனாலும் பேச்சில் பாஸ்புக்தான். கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இதை யோசித்தவர் கெட்டிக்காரர்.

இரண்டாம் நாள், செவ்வாய். பென்னாகரம் பக்கம்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் கிழமை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் காலை ஒன்பது மணிக்கே வாசலில் செருப்புக் குவியல்.

நாங்கள் போன இடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், மலைப்பகுதி என்றால் 20,000 பேர் என்பது கணக்கு. உள்ளே பெஞ்சு முழுக்கப் பெண்கள். நாலைந்து பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் முந்தானையை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் வழி. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. ஒரு சின்னப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஏதாவது பேசுங்க, குமட்டல் மறந்துடும்" என்றாள். தக்காளி விலை பேசினோம். பாலக்கோட்டு மார்க்கெட்டில் அவள் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறார். அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. என்னால் வயதைக் கேட்க முடியவில்லை. செவிலியர் கேட்டுக்கொண்டிருந்தார், பதில் மட்டும் மெதுவாக வந்தது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்தால் 12 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். 'பிக்மி நம்பர்' என்றால் இங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். பரிசோதனை, ஊசி, பிரசவம், பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கூடவே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் தொகைக்கும் அதுதான் அடிப்படை. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணையில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பணம் ஒரேயடியாகக் கையில் வராமல், பரிசோதனைக்கு வந்தபடி, குழந்தைக்கு ஊசி போட்டபடி வருவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "மாமியாரு இப்ப அவங்களே கிளப்பி அனுப்புறாங்க" என்று ஒரு பெண் சொன்னதும் பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

கிராம சுகாதார செவிலியர் ஒருவரின் நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஹீமோகுளோபின் எண், பிரசவத் தேதி, போன் நம்பர். சில பெயர்களுக்குச் சிவப்பு மையில் வட்டம். ரத்தம் குறைவு, முதல் பிரசவம் ஆபரேஷன், உயரம் கம்மி என்று காரணம் எழுதியிருந்தது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'பெங்களூர், கட்டட வேலை' என்று பென்சிலில் எழுதியிருந்தார். பதினோராவது வாரத்தில் பதிவு செய்துவிட்டு வீட்டுக்காரரோடு போய்விட்டாளாம். வாரம் ஒரு முறை இவர் போன் அடிக்கிறார். எண் பென்னாகரத்தில், ஆள் பெங்களூரில். இந்த மாவட்டத்தில் பாதி வேலை இப்படி ஆளைத் துரத்துவதுதான் என்றார்.

சுவரில் ஒரு போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். எல்லா ஊரிலும் இருக்கும் போர்டுதான். ஆனால் தருமபுரியில் அதைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் இங்கும் வந்தது. வாயைத் திறந்தால் மூடாத சித்தப்பா, அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும் வழியில் பல் கதை. ரோட்டோர நுங்கு வியாபாரி சிரித்தபோது பல்லில் பழுப்புக் கோடுகள். "பல்லப் பாத்தே எந்தப் பஞ்சாயத்துன்னு சொல்லுவேன்" என்பது சித்தப்பாவின் பெருமை. இந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது குடித்தால் பல்லில் கறை, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் வளையும். மாத்திரை எதுவும் கிடையாது. தண்ணீரை மாற்றுவது ஒன்றே வைத்தியம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு என்பதும் உண்டு. ஜப்பான் கடனுதவியில் கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் காவிரி குடிப்பது அப்படித்தான். இன்னும் 'போர் தண்ணிதான் ருசி' என்கிற வீடுகளும் இருக்கின்றன. எங்கள் வீடும் ஒன்று. ஊருக்குப் போய் அதற்கும் ஒரு சண்டை பாக்கி.

மூன்றாம் நாள், புதன். வத்தல்மலை

புதன் என்றால் தடுப்பூசி.

விடியற்காலையில் அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் பெட்டி கட்டுவதைப் பார்க்கக் கிடைத்தது இந்தப் பயணத்தின் அதிர்ஷ்டம். நீல நிறத்தில் சின்னப் பெட்டி. உள்ளே சுற்றிலும் நான்கு ஐஸ் பொட்டலங்கள், நடுவில் மருந்து. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸை அப்படியே வைக்கக் கூடாதாம். வெளியே கொஞ்ச நேரம் வைத்து, காதருகே ஆட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். இல்லாவிட்டால் சில மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். 2 டிகிரிக்குக் கீழும் போகக் கூடாது, 8 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது. தேங்காய் வாங்குகிறவர் மாதிரி அந்த அம்மா ஒவ்வொரு பொட்டலமாக ஆட்டி ஆட்டிக் கேட்டது கண்ணிலேயே நிற்கிறது.

மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். யார் எங்கே வெயிலில் வைத்தார்கள் என்று பொய் சொல்ல முடியாது. எங்கள் மில்லில் இப்படி ஒன்று ஒட்ட வேண்டும்.

மலை ஏற இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். சித்தப்பா சர்வீஸில் இருந்தபோது நடந்துதான் ஏறுவார்களாம், சாமான் கழுதை மேல் வரும். வண்டி ஏறுகிற சாலை வந்து பத்துப் பதினைந்து வருடம்தான் ஆகிறது. மேலே போனால் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, இடையில் சாமையும் கேழ்வரகும். வெயில் தருமபுரியோடு நின்றுவிட்டது.

செவிலியர் எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரில் போய், ஒரு வீட்டுத் திண்ணையில் கடையைப் பரப்பிவிட்டார். கீழே சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. காகிதத்தில் மலைக்குச் சலுகை. ஆனால் கீழே 5,000 பேர் நாலு தெருவில் இருப்பார்கள். இங்கே 3,000 பேர் இந்தக் கொல்லையில் ஒரு வீடு, அந்தச் சரிவில் ஒரு வீடு. தலைக்கணக்கு போட்டவர் கால்கணக்கு போடவில்லை.

காலை முழுக்க ஏழு குழந்தைகள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு உரியது ஒன்றே ஒன்று. தட்டம்மை ரூபெல்லா மருந்துக் குப்பியைக் கலக்கித் திறந்துவிட்டால் நான்கு மணி நேரம்தான், அப்புறம் மீதியைக் கொட்டியாக வேண்டும். ஒரு குழந்தைக்காக ஒரு குப்பியைத் திறப்பதா என்று நான் நினைத்தேன், கணக்குப் பிள்ளை புத்தி. அவர் யோசிக்கவே இல்லை, திறந்தார். "திருப்பி அனுப்பினா அடுத்த வாரம் அந்தம்மா காட்டுக்குப் போயிடும். மருந்து வேஸ்ட் ஆனா எழுதிக்கலாம்." நான் எதுவும் சொல்லவில்லை. குழந்தை வீறிட்டது. பாட்டி ஒருத்தி ஊசியைத் திட்டினாள், செவிலியரைத் திட்டினாள், அப்புறம் உள்ளே போய் அவருக்கே காப்பி கொண்டுவந்தாள். மலைக் காப்பி, வெல்லம் போட்டது.

மலை ஊர்க் கர்ப்பிணிகளைத் தேதிக்குச் சில நாள் முன்பே கீழே அழைத்துவந்து தங்கவைக்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் ஆடு, மாடு, முதல் குழந்தை எல்லாவற்றையும் விட்டு ஒரு வாரம் முன்பே யார் வந்து உட்காருவார்கள்? செவிலியர் ஒரு பெண்ணிடம் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஊசி போட்ட நேரத்தைவிட இது அதிகம். கடைசியில் அந்தப் பெண்ணின் ஆட்டை மச்சினி பார்த்துக்கொள்வாள் என்று முடிவானது. இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவார் என்று கேட்டேன். "இதுக்குக் காலம் இல்லைங்க" என்றார். கட்டம் இல்லை என்று அர்த்தம்.

பழைய வீடு ஒன்றின் கதவு நிலைக்கு மேல் அழிந்தும் அழியாத எழுத்து. மலேரியாவுக்கு மருந்து அடித்துவிட்டுச் சுவரில் தேதி போடுவார்கள். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தன் கையெழுத்துதானா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் கீழே இறங்கும்போது "என்னோடதுதான்" என்று முடிவு செய்துவிட்டார்.

நான்காம் நாள், வியாழன். சிட்லிங்கி

அரூர், கோட்டப்பட்டி வழியாகப் போனால் ஒரு பக்கம் கல்வராயன் மலை, ஒரு பக்கம் சித்தேரி மலை. நடுவில் பள்ளத்தாக்கு. இங்கே பார்க்க வந்தது அரசு ஆஸ்பத்திரியை இல்லை.

ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1990-களின் தொடக்கத்தில் இங்கே வந்தார்கள். அப்போது பிறக்கிற 1,000 குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரி என்றால் அரூர். ஆபரேஷன் என்றால் சேலம், 100 கிலோமீட்டருக்கு மேல். ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொடுத்த ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். இன்று அது ஆபரேஷன் வசதியோடு நிற்கிற பழங்குடி ஆஸ்பத்திரி.

அவர்கள் செய்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது கட்டடம் இல்லை. பள்ளத்தாக்கின் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைக்காரர்கள்) அழைத்து, சொல்லிக்கொடுத்து, நர்சுகளாக ஆக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் வயதில் மூத்த ஒரு பெண்ணைச் சுகாதாரப் பணிக்குத் தயார் செய்தார்கள். வெளியிலிருந்து வரும் நர்சு தீபாவளிக்குப் போனால் திரும்பி வருவாரா என்பது எல்லா மலை ஆஸ்பத்திரியின் கவலை. இங்கே நர்சின் வீடே பக்கத்துத் தெரு. குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. அப்புறம் சத்துக்குறைவு பற்றிப் பேசப் போய் அது விவசாயத்தில் கொண்டுபோய் விட, இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. லம்பாடிப் பெண்களின் தையல் வேலைக்கு 'போர்கை' என்ற அமைப்பு வந்தது. அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தம். கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த பை ஒன்று வாங்கினேன். அம்மாவின் மாத்திரைக்கு.

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது சித்தப்பா வழக்கத்துக்கு மாறாக அமைதி. அப்புறம் சொன்னார்: "முப்பது வருஷம் ஒரே ஊர்ல இருந்தா நானும்தான் செஞ்சிருப்பேன். எங்களுக்கு டிரான்ஸ்பர்னு ஒண்ணு இருக்கே." பொறாமை பாதி, உண்மை பாதி. அரசு ஏற்பாட்டின் பலம், ஆள் மாறினாலும் நோட்டு மாறாது என்பது. அதன் பலவீனமும், நோட்டு மாறாது ஆனால் ஆள் மாறிவிடுவார் என்பதுதான். நேற்று ஆட்டுக்கு வழி பண்ணிய செவிலியர் அடுத்த வருடம் எங்கே இருப்பார்?

ஐந்தாம் நாள், வெள்ளி. ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி

பஞ்சர். மழை. மறுபடி பஞ்சர்.

ஊத்தங்கரை தாண்டி இரண்டாவது பஞ்சர் ஒட்டும் கடையில், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் திடீரென்று பணிக்குத் திரும்பினார். கடைக்குப் பின்னால் பழைய டயர்கள், ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர். மொபைல் டார்ச்சை அடித்துக் காட்டினார். கம்பிப் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தன கொசுப் புழுக்கள். நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும், வாரம் பத்து நாளில் பறந்துவிடும். கடைக்காரரைப் பிடித்து எல்லா டயரையும் கவிழ்க்க வைத்தார். அவர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு டயர் கவிழ்த்ததில் எங்களுக்கு ஒரு மணி நேரம் போனது. "ஐயா எந்த டிபார்ட்மென்ட்?" என்று கடைக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கிருஷ்ணகிரிக்கு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில், மாநிலத்தில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் ஒன்றாக வந்தது. போலுப்பள்ளியில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்போது இருட்டு. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

ஆறாம் நாள், சனி. சாமனப்பள்ளி

வீட்டுக்கே மாத்திரை வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த ஊர் இதுதான். 2021 ஆகஸ்ட் 5. சென்னையை விட்டு, ஓசூர் பக்கத்து மூலையில் ஒரு கிராமத்தில் ஏன் என்று முதலில் யோசித்தேன். கர்நாடக எல்லை ஓரம், ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். வேலைக்கும் வைத்தியத்துக்கும் பெங்களூரைப் பார்த்துப் பழகிய பூமி. இங்கே நடந்தால் எங்கேயும் நடக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அக்கம்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தன்னார்வலரோடு காலை முழுக்க நடந்தோம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுத்தவர். பையில் பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள். பதினெட்டு வயதுக்கு மேல் உள்ள எல்லோருக்கும் பரிசோதனை உண்டு. நோய் இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்து மாத்திரை எழுதியபின், இரண்டு மாதத்துக்கானதை இவர் கொண்டுபோய்க் கொடுப்பார். மாத்திரையை மாற்றவோ கூட்டவோ இவருக்கு அதிகாரம் இல்லை. எண் ஏறியிருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் பிசியோதெரபி செய்பவரும் தனி வண்டியில் வருகிறார்கள். வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகூட வீட்டுக்கு வருகிறது.

ஒரு வீட்டில் அவர் தெலுங்கில் பேசினார், அடுத்த வீட்டில் கன்னடத்தில், எங்களிடம் தமிழில். மூன்றிலும் ஒரே வாக்கியம் இருந்ததைக் கவனித்தேன். மாத்திரை கொடுக்கும் முன்பு கை நீட்டி ஏதோ கேட்கிறார். பாட்டிகள் உள்ளே போய், சுருட்டிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவருகிறார்கள். பையில் காலி அட்டைகள்.

"எதுக்குங்க காலி அட்டை?"

"முழு அட்டைய எண்ணுனா நான் என்ன கொடுத்தேன்னு தெரியும். காலி அட்டைய எண்ணுனாத்தானே அவங்க என்ன முழுங்குனாங்கன்னு தெரியும்." யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவராகக் கண்டுபிடித்ததாம்.

டிரங்குப் பெட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அவருடைய தெருவிலேயே மூன்று பேர் அப்படியாம். ஒருத்தி மகனுக்கு என்று எடுத்துவைக்கிறாள், ஒருத்தி தலை சுற்றினால் மட்டும் போடுகிறாள். "நான் வரமாட்டேன்னு பயம் இருக்கறவங்களுக்கு மட்டும் வேற வைத்தியம். அவங்க வீட்டு வழியாப் போறப்ப எல்லாம் மாத்திரை இல்லாட்டியும் எட்டிப் பாத்துட்டுப் போவேன்."

போகிற போக்கில் சித்தப்பாவையும் பிடித்து உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். வந்த எண்ணை இங்கே எழுதக் கூடாது என்பது உத்தரவு.

டவர் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழு மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறேன் என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

"சரி, காலி அட்டை எல்லாம் எங்க வச்சிருக்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கோழி ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அடுப்பெரிந்து நான்கு வருடம் ஆகிறது. கேஸ்தான்.